வீட்டுக்குள்ள ட்ரிஃப்ட் கார்: பெட்டியைப் பாக்காதீங்க, தரையைப் பாருங்க

ரிமோட் கார்ல ட்ரிஃப்ட் அடிக்கணும்னு ஆசைப்படுறவங்ககிட்ட நான் கேக்குற மொத கேள்வி "பட்ஜெட் எவ்ளோ?" இல்ல. "உங்க வீட்டுத் தரை என்ன தரை?" அப்படிங்கறதுதான். கேட்டதும் ஒரு மாதிரி பாப்பாங்க. கார் பத்தி கேட்டா டைல்ஸ் கடைக்காரன் மாதிரி பேசுறானேன்னு. :-) ஆனா என் கட்சி இதுதான் மக்களே: வீட்டுக்குள்ள ஓட்டுற சின்ன ட்ரிஃப்ட் கார் விஷயத்துல முக்கால்வாசி முடிவை உங்க ஹால் ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கு. மிச்சம் கால்வாசிதான் நம்ம கையில.

இதை இப்ப எழுதக் காரணம், அனுப்பம்பட்டுல இருக்குற எங்க பெரியப்பா பேரன். ஒன்பதாவது படிக்கிறான். ஊர் தெரியாதவங்களுக்கு: மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினா மீஞ்சூர் தாண்டி, பொன்னேரிக்கு முன்னாடி வர்ற ஸ்டேஷன். அங்கேருந்து பழவேற்காடு ஏரிப்பக்கம் போயிட்டு வர்ற தூரம்தான். எங்க அண்ணி அந்தப் பக்கத்துப் பொண்ணு. பையன் லீவு விட்டா பாதி நாள் ஏரிக்கரை மாமா வீட்லதான் கெடப்பான்.

அவன் எனக்கு ஏழு படம் அனுப்பி, "சித்தப்பா, இதுல எது வாங்கலாம்னு சொல்லுங்க"ன்னு கேட்டான். ஏழு பெட்டியிலயும் கார் குறுக்கால நிக்குது, டயர்லேர்ந்து புகையும் நெருப்பும் பறக்குது. ஏழுலயும் கொட்டை எழுத்துல 'ட்ரிஃப்ட்'. பொங்கல் காசு, தாத்தா குடுத்த காசு, அம்மா சீட்டுலேர்ந்து கொஞ்சம் தர்றேன்னு சொன்னதுன்னு மொத்தம் சில ஆயிரம் சேத்து வச்சிருக்கான். அந்த வீட்ல அது சின்ன காசு இல்ல. ஒரு தடவை குப்பையை வாங்கிட்டா அடுத்த தடவை "போன வாட்டி வாங்கினது எங்கடா?"ன்னு ஒரே கேள்வியில கதையை முடிச்சிடுவாங்க. காசு போறது கூட பரவால்ல. மெஷின் மேல ஒரு பையனுக்கு தானா வந்த ஆசை போயிடும். அதனால ஒரு வரியில "நாலாவது படம்"னு பதில் போட மனசு வரல. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன். உங்க வீட்லயும் ஒரு வாண்டு கேக்கலாம். இல்ல, வாண்டு பேரைச் சொல்லி நீங்களே வாங்கலாம். நமக்குத் தெரியாதா என்ன! ;-)

ட்ரிஃப்ட்னா என்ன?

வேகமா போயி பிரேக் அடிச்சு சர்ருனு சுத்துறது ட்ரிஃப்ட் இல்ல. அது ஸ்கிட். கார் வளைவுல போறப்ப பின்பக்கம் வெளிய வழுக்கிக்கிட்டே இருக்கணும், மூஞ்சி உள்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கணும், முன் சக்கரம் வளைவுக்கு எதிர்ப்பக்கமா திரும்பி அந்த வழுக்கலைப் புடிச்சு வச்சிருக்கணும். விழுற மாதிரி இருக்கும், ஆனா விழாது. அந்த நெலையை வளைவு முடியற வரைக்கும் காப்பாத்துறதுதான் வித்தை.

இதை அனுப்பம்பட்டு பையனுக்கு விளக்குறது ரொம்ப சுலபம். ஏரியில மாமாவோட படகு திரும்புறப்ப பாத்திருப்பான். படகு ரோட்ல போற கார் மாதிரி முன்பக்கம் போன தடத்துலயே பின்பக்கமும் வராது. முன்பக்கம் உள்ள பாக்கும், பின்பக்கம் வெளிய தள்ளிக்கிட்டு போகும். கப்பல் இன்ஜினியரிங்ல அந்தக் கோணத்துக்குப் பேரே 'ட்ரிஃப்ட் ஆங்கிள்'தான். படகுக்கு அது சுபாவம், காருக்கு அது சர்க்கஸ். அவ்ளோதான் வித்தியாசம்.

காரை வச்சு இந்த சர்க்கஸ் காட்டினவங்க ஜப்பான்காரங்க. மலைப்பாதையில ராத்திரி ஓட்டிப் பழகின கெய்ச்சி சுச்சியாவை 'ட்ரிஃப்ட் கிங்'னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. அவர் ஓட்டின டொயோட்டா ஏஇ86, 1995-ல ஆரம்பிச்ச 'இனிஷியல் டி' படக்கதையால உலகம் பூரா ஃபேமஸ் ஆச்சு. 2006-ல 'டோக்கியோ ட்ரிஃப்ட்' படம் வந்தப்புறம் நம்மூர் பசங்களுக்கும் அந்த வார்த்தை பழகிடுச்சு. அதே ஜப்பான்ல 2000-களின் தொடக்கத்துல ரிமோட் கார்காரங்க இதை சின்ன சைஸ்ல செஞ்சு பாத்தாங்க. 1/10 அளவு ஃபோர் வீல் டிரைவ் கார்ல ரப்பர் டயரைக் கழட்டிட்டு வழவழன்னு கெட்டியான பிளாஸ்டிக் வளையம் மாட்டினாங்க. ஹாபிகாரங்க நெறைய பேர் தண்ணி வர்ற பிவிசி பைப்பை வளையம் வளையமா அறுத்து ரிம்முல ஏத்தி ஓட்டினாங்க. அதாவது இந்த விளையாட்டோட ஆணிவேர் இன்ஜினும் இல்ல, ஸ்டிக்கரும் இல்ல. டயரும் தரையும்தான்.

கொஞ்சம் கணக்கு போடலாமா?

பொட்டி தட்டுற பொழப்புக்கு வந்தாலும் படிச்ச இன்ஜினியரிங்கை எங்கயாவது யூஸ் பண்ணணும்ல.

நம்மூர் ஹால் ஒண்ணு 10 அடிக்கு 12 அடின்னு வச்சுக்கங்க. மீட்டர்ல சுமாரா 3.05க்கு 3.66. 1/10 காருக்கு இது நிஜ கார் 30 மீட்டருக்கு 37 மீட்டர் இடத்துல ஓடுற மாதிரி. அதுலயும் கட்டில், டிவி ஸ்டாண்டு, தையல் மெஷின் எல்லாம் கழிச்சுப் பாத்தா ஒரு கல்யாண மண்டப பார்க்கிங் கூட மிஞ்சாது. காரே 42 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கட்டில் கால்ல முட்டுறதுக்குத்தான் சரி. 1/28 காருக்கு அதே ஹால் 85 மீட்டருக்கு 102 மீட்டர் மைதானம்! காரு நீளம் 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஸ்கேல் அளவு. அதே ரூம், ஆனா ஒருத்தனுக்கு சந்து, இன்னொருத்தனுக்கு பள்ளிக்கூட கிரவுண்டு.

அடுத்து வேகம். பெட்டி மேல "30 கிமீ வேகம்"னு போட்டிருப்பாங்க. மணிக்கு 30 கிமீன்னா வினாடிக்கு 8.3 மீட்டர். 12 அடி ஹாலை அரை வினாடிக்குள்ள தாண்டி செவுத்துல 'டமால்'. அந்த வேகத்தை வீட்டுக்குள்ள என்ன பண்றது?

வளைவுல சக்கரம் எந்த வேகத்துல வழுக்க ஆரம்பிக்கும்னு ஒரு சின்ன சூத்திரம் இருக்கு. உராய்வு எண், புவியீர்ப்பு, வளைவோட ஆரம் மூணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும். அரை மீட்டர் ஆர வளைவுன்னு எடுத்துக்குவோம். கெட்டி பிளாஸ்டிக் டயரும் வழவழ தரையும் சேந்தா உராய்வு எண் 0.2ன்னு வச்சா, வேகம் வினாடிக்கு 1 மீட்டர். நாம மெதுவா நடக்குற வேகம்! ரப்பர் டயருக்கு 0.8ன்னு வச்சா வினாடிக்கு 2 மீட்டர். அதாவது ரப்பர் டயர் போட்டா அதே வளைவுல வழுக்க ரெண்டு மடங்கு வேகம் வேணும், செவுரு ரெண்டு மடங்கு சீக்கிரம் வந்துடும். வழுக்குற டயர்தான் ஒரு பெரிய மைதான வித்தையை உங்க ஹாலுக்குள்ள அடக்கித் தருது. இனிமே யாராச்சும் "இந்தக் கார் பயங்கர கிரிப்பு சார்"னு வித்தா, ஒரு கும்பிடு போட்டுட்டு நகந்துடுங்க.

மூணாவது கணக்குதான் நெறைய பேருக்குத் தெரியாது. கார் சின்னதாக ஆக எல்லாமே வேகமா நடக்கும். நீளமான ஊஞ்சல் நிதானமா ஆடும், குட்டைக் கயித்து ஊஞ்சல் வெடுக் வெடுக்குனு ஆடும்ல, அந்த மாதிரி. அளவோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி நேரம் சுருங்கும். நிஜ கார்ல பின்பக்கம் வழுக்கி சுத்த 1 வினாடி ஆகும்னா, 1/10 கார்ல 0.32 வினாடி, 1/28 கார்ல 0.19 வினாடி, 1/76 கார்ல 0.11 வினாடி. கண்ணு பாத்து கை அசையவே நமக்கு கால் வினாடி கிட்ட ஆயிடும். ஆக இடத்தைப் பாத்தா கார் சின்னதா இருக்கணும், கையைப் பாத்தா கார் ரொம்ப சின்னதா இருக்கக் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமரசம்தான் உங்களுக்கு வேண்டிய கார்.

சரி, எந்த சைஸ்?

என் ஓட்டு 1/28க்குத்தான்.

1/10ல சாமான் எக்கச்சக்கம். டாமியா டிடி-01டி, டிடி-02டி மாதிரி ஃபோர் வீல் டிரைவ் கிட்டு, யோகோமோ ஒய்டி-2 மாதிரி பின்சக்கர டிரைவ்னு பெரிய உலகமே இருக்கு. ட்ரிஃப்ட் ரொம்ப அழகா, நிதானமா தெரியறதும் அதுலதான். ஆனா அதுக்கு மண்டபம் வேணும். அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங், மொட்டை மாடி கெடைச்சா அது வேற கதை.

இன்னொரு கோடியில டர்போ ரேசிங் 1/76 மாதிரி தீப்பெட்டி சைஸ் கார்கள். சாப்பாட்டு மேசை மேலயே ஓட்டலாம். விளையாட்டுச் சாமான் இல்ல, கன்ட்ரோல் எல்லாம் ஒழுங்காவே இருக்கும். ஆபீஸ்ல டேபிள் மேல வச்சுக்க ஜோரு. ஆனா சக்கரம் 8 மில்லிமீட்டர்தான். டைல்ஸ் இடுக்கு 3 மில்லிமீட்டர் இருந்தா அதுக்கு அது வாய்க்கால். ரிப்பேர்னா லென்ஸு, இடுக்கி, பொறுமை மூணும் வேணும்.

1/28ல சக்கரம் 22 மில்லிமீட்டர். சாதா ஸ்க்ரூ டிரைவர் செட்டுல கழட்டி மாட்டலாம். இந்த சைஸுக்கு பேர் வாங்கிக் குடுத்தது 1990-களின் கடைசியில கியோஷோ கம்பெனி கொண்டு வந்த மினி-இசட். நாலு சின்ன பென்சில் பேட்டரியில ஓடும். தரம் ஏ ஒன், விலையும் அப்படித்தான். அதோட ஆல் வீல் டிரைவ் சேஸிஸ்தான் ட்ரிஃப்டுக்கு. சீனாவோட டபிள்யூஎல்டாய்ஸ் கே969 வகையறா அதே 1/28 அளவு, ஃபோர் வீல் டிரைவ், 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி. ஃபினிஷிங் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஆனா விலை கம்மி, பார்ட்ஸ் தனித்தனியா விக்குறாங்க. பையன் பட்ஜெட்டுக்கு இந்த ரெண்டாவது வகைதான் கிட்ட வருது.

விட்டுக் குடுக்கவே கூடாத ஒண்ணு

கம்பெனி மறந்துடுங்க, கலர் மறந்துடுங்க. இதை மட்டும் மறக்காதீங்க: ஸ்டியரிங்கும் ஆக்சிலேட்டரும் ப்ரோபோர்ஷனலா இருக்கணும். அதாவது ரிமோட்ல கொஞ்சமா திருப்பினா சக்கரம் கொஞ்சமா திரும்பணும், நெறைய திருப்பினா நெறைய திரும்பணும்.

பையன் அனுப்பின ஏழுல அஞ்சு, பட்டன் ரிமோட். அமுக்கினா முழுசா இடது, விட்டா நேரா. நடுவுல ஒண்ணுமே கெடையாது. ட்ரிஃப்ட்டோட உசிரே அந்த நடுவுலதான் இருக்கு. பட்டன் கார்ல வட்டம் போடலாம், பம்பரம் மாதிரி சுத்த விடலாம். முதல் நாள் வீடே கைதட்டும். மூணாவது நாள் அது அலமாரி மேல ஏறிடும். ஏன்னா அதுல கத்துக்க ஒண்ணுமே இல்ல. மொத நாள் ஓட்டினவனும் முப்பதாவது நாள் ஓட்டுறவனும் ஒரே மாதிரிதான் ஓட்டுவான்.

கடையில வாங்கினா டெஸ்ட் சிம்பிள். காரைக் கையில தூக்கிப் புடிச்சு, ரிமோட்ல கால்வாசி திருப்புங்க. சக்கரம் கால்வாசியில நிக்குதா? வாங்கலாம். படக்குனு கடைசிக்குப் போகுதா? வச்சிடுங்க. ஆன்லைன்னா அந்த ப்ரோபோர்ஷனல்ங்கற வார்த்தை இருக்கான்னு பாருங்க. அதுக்குப் பதிலா 'ஹை ஸ்பீடு', 'எல்இடி லைட்', 'ஸ்மோக்'னு மட்டும் எழுதியிருந்தா அர்த்தம் புரிஞ்சுக்கங்க.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸா இருக்கட்டும். இந்தியாவுல 2005-லேர்ந்து லைசன்ஸ் இல்லாம யூஸ் பண்ணிக்கலாம்னு விட்ட அலைவரிசை அது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைங்க ரெண்டு ஒரே எடத்துல இருந்தா இவன் அமுக்கினா அவன் கார் ஓடும். 2.4ல கார் தன் ரிமோட்டோட மட்டும் ஜோடி சேந்துக்கும். நாளைக்கு ஃப்ரெண்டும் ஒண்ணு வாங்கினா சேந்து ஓட்டலாம். ரெண்டு கார் ஜோடியா ட்ரிஃப்ட் ஆகுறது இருக்கே, அதுக்கு ஈடு எதுவுமில்ல.

கைரோ: ஏமாத்து வேலையா?

இந்த ஹாபியில ரெண்டு கோஷ்டி. "கைரோ போட்டு ஓட்டுறவன் ஓட்டவே இல்ல, கைரோதான் ஓட்டுது"ன்னு ஒரு கோஷ்டி. "கைரோ இல்லாம பின்சக்கர டிரைவா? போய்யா"ன்னு இன்னொண்ணு.

கைரோங்கறது நம்ம மொபைல்ல இருக்குற மாதிரி ஒரு குட்டி சென்சார். கார் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு அளந்து, அதுக்கு எதிரா முன் சக்கரத்தைத் தானே திருப்பும். மேல போட்ட 0.19 வினாடி கணக்கை ஞாபகம் வச்சுக்கங்க. 1/28ல பின்சக்கர டிரைவ் காரை வெறுங்கையால காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். அங்க கைரோ ஊன்றுகோல் இல்ல, அது நம்ம நரம்போட நீளத்தை ஈடு கட்டுற சாமான். அதைப் போட்டா அசிங்கம்னு சொல்றது எனக்கு ஒப்பல.

ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சிபாரிசு ஃபோர் வீல் டிரைவ், கைரோ இல்லாம. முன் சக்கரமும் சேந்து இழுக்குறதால கார் அவ்ளோ சீக்கிரம் சுத்திக்காது. கைக்கு நேரம் கெடைக்கும். எப்ப விடணும், எப்ப எதிர்ப்பக்கம் திருப்பணும், ஆக்சிலேட்டரை எவ்ளோ புடிக்கணும்னு விரலு தானா கத்துக்கும். பின்சக்கர டிரைவ் அளவுக்கு ஸ்டைலா, சக்கரம் அவ்ளோ எதிரா திரும்பி நிக்காது, உண்மைதான். ஆனா மொத ஆறு மாசத்துக்கு ஸ்டைல் முக்கியமில்ல. அப்புறம் கைரோ மாட்டினா, அது என்ன வேலை செய்யுதுன்னு புரிஞ்சு மாட்டுவீங்க. மாட்டினதும் காரைக் கையில வச்சு வெடுக்குனு ஒரு பக்கம் திருப்பிப் பாருங்க. முன் சக்கரம் அதுக்கு எதிர்ப்பக்கம் திரும்பணும். அதே பக்கம் திரும்பினா கைரோ தலைகீழா செட் ஆயிருக்கு, சுவிட்சை மாத்துங்க.

இப்ப தரை

பையனை ஹாலை அளந்து, தரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்பதுக்கு பதினொண்ணு அடி, பழைய சிவப்பு சிமெண்ட் தரை. பாத்ததும் எனக்கு சந்தோஷம் தாங்கல. ரெட் ஆக்சைடு தரை மாதிரி ட்ரிஃப்ட் டிராக் காசு குடுத்தாலும் கெடைக்காது. இடுக்கே இல்லாம ஒரே பரப்பு, வருஷக்கணக்கா தொடைச்சு தொடைச்சு வழவழன்னு ஆனது. வெடிப்பு இருந்தா மட்டும் அங்க போகாத மாதிரி டிராக் போட்டுக்கணும். மொசைக்கும் அதே ஜாதிதான். விட்ரிஃபைடு டைல்ஸ் நல்லா வழுக்கும், பெரிய டைலா இருந்து இடுக்கு சன்னமா இருந்தா அருமை. சின்னச் சின்ன செராமிக் டைல்னா டடக் டடக்குனு ஒவ்வொரு இடுக்குலயும் கார் தூக்கிப் போடும். சொரசொர சிமெண்டு, கடப்பா கல்லுன்னா பிளாஸ்டிக் டயர் சீக்கிரம் தேயும். கோரைப்பாய்ல ஓட்டவே ஓட்டாதீங்க.

வாங்குற கார்ல ரப்பர் டயர்தான் வந்துச்சுன்னா பதறாதீங்க. கெட்டி ட்ரிஃப்ட் டயர் தனியா கெடைக்கும். அது வர்ற வரைக்கும் ரப்பர் மேல எலக்ட்ரிகல் இன்சுலேஷன் டேப்பை இழுத்து ஒரு சுத்து சுத்துங்க. ஹார்டுவேர் கடையில வயரிங் பைப் துண்டு ஒண்ணு வாங்கி, உள்விட்டம் ரிம்முக்கு ஒத்து வருதான்னு அளந்து, வளையமா அறுத்து உப்புத்தாள்ல தேச்சும் பாக்கலாம். நாலு சக்கரத்துக்கும் ஒரே சாமான் போடுங்க. முன்னால ரப்பரும் பின்னால பைப்புமா போட்டா பம்பரம்தான்.

ஏரிப்பக்க வீட்டுக்குன்னு தனியா மூணு விஷயம். ஒண்ணு மணல். செருப்புல ஒட்டி வர்ற மணல் ஒரு துளி பல்சக்கரத்துல மாட்டினாலும் பல்லு போச்சு. ஓட்டுறதுக்கு முன்னாடி பெருக்கி, ஈரத் துணியில தொடைச்சு, காய விடணும். (அண்ணி, உங்க பையன் தானே முன்வந்து வீடு தொடைக்கப் போறான். இதுக்கே காரு வாங்கிக் குடுக்கலாம்!) ரெண்டாவது உப்புக்காத்து. பேரிங், ஸ்க்ரூ எல்லாம் துரு புடிக்கும். ஓட்டி முடிச்சதும் மூடி போட்ட டப்பாவுல வைக்கணும், மாசம் ஒரு தடவை பேரிங்குக்கு தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசுக்கு ஏறி தூசியெல்லாம் ஒட்டிக்கும். மூணாவது வலை நூல். மாமா வீட்ல வலை சரி பண்ற எடத்துல ஓட்டினா நைலான் இழை ஆக்சில்ல சுத்திக்கும். பட்டணத்து வீட்ல தலைமுடி பண்ற வேலையை அங்க வலை நூல் பண்ணும். சுத்தினா மோட்டார் திணறி சூடாகும். உடனே நிறுத்தி ட்வீசர்ல எடுக்கணும்.

பார்ட்ஸும் பேட்டரியும்

வாங்குறதுக்கு முன்னாடியே "இதோட சர்வோ, பல்சக்கரம், பேட்டரி தனியா இந்தியாவுல எங்க கெடைக்கும்?"னு தேடிப் பாருங்க. கெடைக்காதுன்னா அந்தக் காரை விட்டுடுங்க. எவ்ளோ நல்ல காரா இருந்தாலும். முன்ன மாதிரி வெளிநாட்டுலேர்ந்து பத்து ரூபா ஸ்க்ரூ கூட வரவழைக்கிற காலம் போச்சு. பொம்மை மேல இறக்குமதி வரி 2020-ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. அலிஎக்ஸ்பிரஸை 2020 நவம்பர்ல தடை பண்ணிட்டாங்க. 14 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கான பொம்மைன்னா 2021 ஜனவரி 1லேர்ந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். இதையெல்லாம் தப்புன்னு சொல்ல வரல. ஆனா கையில இருக்குற கார் உடைஞ்சா சரி பண்ண வழி இருக்கான்னு முன்னாடியே பாக்குறது முன்னவிட இப்ப ரொம்ப அவசியம். சின்ன மோட்டார், வயர், கனெக்டர், சால்டரிங் சாமான் மாதிரி பொதுவான ஐட்டத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கு. அனுப்பம்பட்டுக்காரனுக்கு சென்ட்ரல் வரைக்கும் நேர் ரயில்.

பேட்டரியில விளையாடக் கூடாது. 7.4 வோல்ட் லித்தியம் பேக்குன்னா ரெண்டு செல்லு. ஒவ்வொண்ணும் 4.2 வோல்ட்டுக்கு மேல ஏறக் கூடாது, 3க்குக் கீழ எறங்கக் கூடாது. அந்தக் காரோட சார்ஜர்லதான் போடணும், தூங்குறப்ப போடக் கூடாது, உப்பிப் போன பேட்டரியை அன்னைக்கே ஒதுக்கிடணும். 400 மில்லி ஆம்பியர் பேட்டரி, சராசரி 2 ஆம்பியர் இழுத்தா 12 நிமிஷம்தான் வரும். குறைன்னு நெனைக்காதீங்க. 12 நிமிஷம் கவனம் செதறாம ஓட்டிப் பாருங்க, விரல் கெஞ்சும்.

"மொதல்ல சீப்பா ஒண்ணு வாங்கிப் பாப்போமே?"

நான் இவ்ளோ நேரம் சுத்தி வந்தது இந்த வரிக்குத்தான். பெரியவங்க எல்லாரும் சொல்றது இது. "மொதல்ல ஒரு சாதா காரு வாங்கித் தா. ஆசை நிக்குதான்னு பாப்போம். நின்னா நல்லதா வாங்கலாம்." கேக்க ரொம்ப நியாயமா இருக்கும். சேலை எடுக்குறதுல, சமையல் பாத்திரம் வாங்குறதுல இந்த யோசனை சரியா கூட இருக்கலாம். இங்க அது தலைகீழ்.

ஏன்னா அந்த சாதா கார் ஆசையை அளக்குற கருவி இல்ல, ஆசையைக் கொல்ற கருவி. கத்துக்க முடியாத சாமானைக் குடுத்துட்டு, "பாத்தியா, மூணே நாள்ல அலுத்துப் போச்சு, நான் அப்பவே சொன்னேன்"னு தீர்ப்பு எழுதுறோம். அலுத்தது பையனுக்கு இல்ல. அந்தக் கார்லதான் சரக்கு இல்ல. நரம்பு இல்லாத வீணையைக் குடுத்துட்டு புள்ளைக்கு சங்கீத ஞானம் இல்லன்னு சொல்ற மாதிரி. இந்தத் தீர்ப்பு காருக்கு மட்டும் இல்லங்க, டெலஸ்கோப்பு, கீபோர்டு, டூல்ஸ் செட்டுன்னு எத்தனை வீட்ல எத்தனை விஷயத்துக்கு எழுதப்பட்டிருக்கு!

அதுக்காக கடன் வாங்கி மினி-இசட் வாங்குங்கன்னு சொல்லல. என் வரிசை இது. ப்ரோபோர்ஷனல் ஸ்டியரிங், ஃபோர் வீல் டிரைவ், கெட்டி டயர், பார்ட்ஸ் கெடைக்கிற 1/28 கார். இதுக்குக் காசு பத்துதா, வாங்கு. பத்தலையா, வேற எதையும் வாங்காம இரு. காத்திருக்கிறதுக்கு செலவு கெடையாது. அந்த நேரத்துல தரையில சாக்பீஸ்ல டிராக் வரை, செருப்பை வச்சு வளைவு போட்டுப் பாரு, எந்த மூலையில மணல் சேருதுன்னு கவனி. செகண்ட் ஹேண்டா நல்ல சேஸிஸ் கெடைச்சா இன்னும் நல்லது. பாடி ஒடைஞ்சிருந்தாலும் பரவால்ல, மெஷின் ஓடினா போதும். மாட்டிக் கழட்டிக் கத்துக்க அதைவிட நல்ல வாத்தியார் இல்ல.

"இதெல்லாம் ஒரு பொம்மைக்கா?"ன்னு கேப்பீங்க. ஆமாங்க. உராய்வுன்னா என்னன்னு ஒன்பதாவது புத்தகத்துல ஒரு பக்கம் படிச்சு அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு வந்துடலாம். அதையே டேப் சுத்தின டயருக்கும் சுத்தாத டயருக்கும் நடுவுல கையால தொட்டுப் பாத்தவன் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான். அதுக்கு அந்தக் கார் அவன் கொஞ்சம் திருப்பினா கொஞ்சம் திரும்பணும். அவ்ளோதான் நான் கேக்குறது.

பையன் இன்னும் வாங்கல. கையில இருக்குறதுக்கு மேல கொஞ்சம் சேக்கணும்னு கணக்கு போட்டிருக்கான். நேத்து ஒரு கேள்வி அனுப்பினான்: "சித்தப்பா, தரையில பவுடர் கொட்டினா உராய்வு எண் இன்னும் கம்மியாகுமா?"

ஆகும்டா. ஆனா உங்கம்மா கையில மாட்டினா நான் பொறுப்பில்ல.

டிஸ்கி: மேல சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்கு காசோ காரோ தரல. தந்தா வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவனும் இல்ல. :-)